எண் ஒதுக்காத கப்பல் அறை குழுவாகப் போகிறவர்களுக்கு ஏற்றதா?

“மயாமியிலிருந்து கரீபியன் கப்பல் பயணம், எங்கள் குடும்பத்துக்கு 4 அறைகள் வேண்டும். ‘கேரண்டி’ அறைகள் மலிவாக இருக்கின்றன. எடுத்தால் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும் என்று நம்பி எடுக்காதீர்கள். இந்த முறையில் உட்புற அறை, பால்கனி அறை என்ற வகைக்கு மட்டுமே நிறுவனம் உறுதி தருகிறது. எந்தத் தளம், எந்த எண் என்பதை மீதமுள்ள அறைகளைப் பார்த்துப் பின்னர் அதுவே முடிவு செய்யும். சில வேளைகளில் புறப்படுவதற்குச் சில நாள் முன்புதான் தெரியவரும். ஒதுக்கிய பிறகு மாற்றித் தருவதும் அரிது. ஓர் அறை முன்பக்கம் 2ஆம் தளத்திலும் இன்னொன்று பின்பக்கம் 9ஆம் தளத்திலும் அமையலாம். முன்பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லலாம்தான்; அது இரவு உணவுக்கு ஒரே மேசை கிடைக்க உதவும், அறைகளை அருகருகே கொண்டுவந்துவிடாது.

பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும், அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் பணம் சற்றுக் கூடினாலும் எண்ணைத் தேர்ந்தெடுத்தே பதிவு செய்யுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. தூங்க மட்டுமே அறைக்கு வரும் இளைஞர்களுக்குக் கேரண்டி அறை தாராளமாகப் போதும். அதிர்ஷ்டம் இருந்தால் உயர்ந்த வகைகூடக் கிடைக்கும்.