வீட்டைக் கட்டிப் பார் – வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

கேள்வி: ஐயா, மேடவாக்கத்தில் மாடி வீடு கட்டப்போகிறோம். ஜிம்பாப்வேயில் வழக்கமான ஏசி இல்லாமலே இயங்கும் ஒரு பெரிய கட்டடத்தை வீடியோவில் பார்த்தேன். கறையான் புற்றைப் பார்த்துக் கட்டியதாம். அந்த முறை நமக்கு ஒத்துவருமா? எங்கள் மேஸ்திரி, முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்து ஏசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். மனை மேற்குப் பார்த்தது.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் பார்த்தது ஹராரே நகரின் ஈஸ்ட்கேட் சென்டர் அம்மா. கடைகளும் அலுவலகங்களும் உள்ள அந்தக் கட்டடம் 1996-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். ராத்திரியில் மின்விசிறிகள் வெளிக்காற்றை இழுத்து, தளங்களுக்கு அடியில் விட்டிருக்கும் இடைவெளிகளில் ஓட்டும். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் அதில் ஆறிவிடும். மறுநாள் வரும் காற்று அந்தக் கான்கிரீட்டைத் தொட்டுக் குளிர்ந்த பிறகே அறைகளுக்குப் போகும். சூடான காற்று மேலே புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். நான் மிகவும் மதிக்கும் கட்டடம் அது.

ஆனால் மேடவாக்கத்தில் அது வேலை செய்யாது. ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் இரவு குளிரும். நமக்கு மே மாத ராத்திரியிலும் 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், புழுக்கம் வேறு. கான்கிரீட் எப்படி ஆறும்? நம் ஊரில் வெயில் உள்ளே வராமல் தடுப்பதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

கண்ணாடி முகப்பு கண்டிப்பாக வேண்டாம். மேற்கு வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடுக்கும் அடங்காது. அந்தப் பக்கம் மாடிப்படி, குளியலறை, அலமாரி ஆகியவற்றை வையுங்கள். கிழக்கில் பெரிய ஜன்னல் இருந்தால் கடற்காற்று வரும். அது வெளியேற எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒரு திறப்பு விடுங்கள்.

அதைவிட முக்கியம் மொட்டை மாடி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கோடையில் கூரை வாங்குகிற வெயிலை எந்தச் சுவரும் வாங்குவதில்லை. மேலே வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். மேல்தளத்தை, கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் முறையில் வார்க்கச் சொல்லுங்கள். ஸ்லாபின் மேல்பாதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் எடைதான். அதற்குப் பதிலாகக் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளை அடுக்கி வார்ப்பார்கள். சிமென்ட் மிச்சம், ஓடுகளுக்கு இடையில் சிக்கிய காற்று சூட்டையும் ஓரளவு மட்டுப்படுத்தும்.

இதை மேஸ்திரியின் கணக்குக்கு விட்டுவிடாதீர்கள். கம்பி இடைவெளி ஓட்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதால், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிப்பதற்கு முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்கிவிடுங்கள். அப்புறம், வார்க்கும் முன் ஓடுகளைத் தண்ணீரில் நன்றாக ஊறவைக்கச் சொல்லுங்கள். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.