டிரைஃபஸ் வழக்கும் ஊரறிந்த அவமானமும்: கேள்வி பதில்

கேள்வி (சட்ட மாணவி): ஐயா, ஒருவரைத் தண்டிப்பதற்கும் ஊரறிய இழிவுபடுத்துவதற்கும் என்ன வேறுபாடு?

பதில்: பிரெஞ்சுப் படையின் பீரங்கிப் பிரிவில் கேப்டனாக இருந்த ஆல்ஃபிரட் டிரைஃபஸுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். இராணுவ இரகசியங்களை ஜெர்மனிக்குக் கொடுத்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட அவருக்கு, 1894 டிசம்பரில் இராணுவ நீதிமன்றம் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதித்தது. தண்டனை அத்துடன் நிற்கவில்லை. 1895 ஜனவரி 5 அன்று, பாரிஸ் இராணுவப் பள்ளியின் பெரிய முற்றத்தில் படைகள் அணிவகுத்து நிற்க, அவருடைய சீருடையிலிருந்த பொத்தான்களும் பதவிச் சின்னங்களும் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அவர் அணிகளின் முன்னால் நடத்திச் செல்லப்பட்டபோது, வெளியே திரண்டிருந்த கூட்டம் அவரைக் கொல்லச் சொல்லிக் கூச்சலிட்டது. சிறை அவருடைய உடலுக்கு. இந்தச் சடங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக நடத்தப்பட்டது. எளிதில் முறியும்படி வாளை முன்கூட்டியே அராவி, பொத்தான்களின் நூலையும் தளர்த்தி வைத்திருந்தார்கள். காட்சி பிசகாமல் நடக்கக் காட்டிய அக்கறையைச் சான்றுகளைச் சோதிப்பதில் காட்டவில்லையே என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

கேள்வி: மக்கள் ஏன் அவ்வளவு எளிதில் நம்பினார்கள்?

பதில்: அவர் யூதர். யூத வெறுப்பைப் பரப்பிய செய்தித்தாள்கள் விசாரணைக்கு முன்பே அவரைத் துரோகி என்று எழுதிவிட்டன.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): 1899 இல் குடியரசுத் தலைவர் மன்னித்ததும் களங்கம் நீங்கிவிட்டதல்லவா?

பதில்: நீங்கவில்லை, ஐயா. மன்னிப்பு தண்டனையைத்தான் நீக்கியது. அவ்வாண்டு ரென் நகரில் நடந்த மறுவிசாரணையில் மீண்டும் குற்றவாளி என்று அளிக்கப்பட்ட தீர்ப்பு அப்படியே நின்றது. தண்டனைக்காக அவர் அடைக்கப்பட்டிருந்த டெவில்ஸ் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாடிய உடலுக்கு அந்த விடுதலை தேவைப்பட்டதால் அவர் அதை ஏற்றார். ஏற்றதற்காக அவரைக் குறைகூறியவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 1906 ஜூலை 12 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பையே ரத்து செய்த பிறகுதான் அவர் சட்டத்தின் முன் குற்றமற்றவரானார். ஒன்பது நாள் கழித்து அதே இராணுவப் பள்ளியின் சிறியதொரு முற்றத்தில் அவருக்குப் பிரான்சின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானர் அணிவிக்கப்பட்டது.

கேள்வி: இழந்த பதவியும் முழுமையாகத் திரும்பியதா?

பதில்: மேஜராக உயர்த்தப்பட்டார். ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகளைப் பணிமூப்பில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆகவே 1907 இல் ஓய்வு பெற்றுக்கொண்டார்.