ரெக்கவரி பேக்கப்பில் 255 பிழை, ஸ்டோரேஜ் 0 எம்பி: ஃபார்மட் டேட்டா கொடுக்கலாமா?

கேள்வி: டிடபிள்யூஆர்பி ரெக்கவரியில் பேக்கப் எடுத்தால் பாதியில் நின்று 255 என்று பிழை காட்டுகிறது. நேற்று ஃபோன் அப்டேட் ஆனதிலிருந்து இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று வேறு வருகிறது. ஆனால் ஃபோன் வழக்கம்போல ஆன் ஆகிறது. ஃபார்மட் டேட்டா கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

வேண்டாம். ஃபோன் ஆன் ஆகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பது எதுவும் போகவில்லை, ரெக்கவரிக்குத்தான் கண் தெரியவில்லை. ரெக்கவரி என்பது ஆண்ட்ராய்டு கிளம்பாமலே பேக்கப், ரீசெட் செய்யும் தனிச் சிறு மென்பொருள், டிடபிள்யூஆர்பி அதில் ஒரு வகை. ஃபோனைச் சாதாரணமாக ஆன் செய்து, கேபிள் போட்டு, படம், வீடியோ, வாட்ஸ்அப் ஃபோல்டர் எல்லாவற்றையும் முதலில் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து விடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்றேன். புது ரோம், அதாவது மாற்று ஆண்ட்ராய்டு, போடுவதற்கு முன் ரொம்பப் பொறுப்பாகப் பேக்கப் எடுத்து வைத்தேன். ரோம் பூட் ஆகவில்லை, அதாவது கிளம்பவே இல்லை. யாரோ எங்கோ எழுதியிருந்ததை நம்பி ஃபார்மட் டேட்டாவைத் தொட்டு, அது கேட்டபடி 'யெஸ்' என்று டைப்பும் செய்தேன். பிறகு ரீஸ்டோர் பக்கம் போனால் பட்டியல் காலி. நான் அழித்த இடத்தில்தான் பேக்கப்பே இருந்திருக்கிறது. கூடவே குற்றாலம் போன படங்களும் போயின. நண்பன் தன் ஃபோனில் சார்ஜ் இல்லை என்று என் ஃபோனில் எடுக்கச் சொன்ன படங்கள். இன்றும் எங்கே பார்த்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது ஒரே விஷயம். 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' என்று நாம் பார்ப்பது தனிப் பார்ட்டிஷன் (ஸ்டோரேஜில் பிரித்து வைத்த பகுதி) இல்லை. டேட்டா என்ற பெரிய பார்ட்டிஷனுக்குள் மீடியா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 0 என்று இன்னொரு ஃபோல்டர். அதைத்தான் ஆண்ட்ராய்டு எஸ்டி கார்டு மாதிரி வேடம் போட்டு நமக்குக் காட்டுகிறது. ஆப்களும் அவற்றின் தரவும் இருப்பதும் இதே டேட்டா பார்ட்டிஷனில்தான். ரெக்கவரி டேட்டாவைப் பேக்கப் எடுக்கும்போது மீடியா ஃபோல்டரை மட்டும் விட்டுவிடும். பேக்கப் கோப்பு எழுதப்படுவதே பெரும்பாலும் அதற்குள்தான், தன்னையே தான் மூட்டை கட்ட முடியாதல்லவா. ஆக, உங்கள் படங்கள் பேக்கப்புக்குள் இல்லை. பேக்கப்போ அழியக்கூடிய அதே வீட்டுக்குள் இருக்கிறது.

ரெக்கவரியில் வைப் (அழிப்பு) பக்கத்தில் ஸ்வைப் செய்யும் ஃபேக்டரி ரீசெட் வேறு, ஃபார்மட் டேட்டா வேறு. முன்னது ஆப்களையும் செட்டிங்ஸையும் துடைத்துவிட்டு மீடியாவை விட்டுவைக்கும். பின்னது பார்ட்டிஷனையே புதிதாக உருவாக்கும். பழைய என்கிரிப்ஷன் (தரவைச் சாவி போட்டுப் பூட்டி வைப்பது), படங்கள், பேக்கப் எல்லாம் சேர்ந்தே போகும். ஃபோனின் செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட்டும் பின்னதன் கட்சிதான்.

சரி, இனி 255. இதை ஒரு நோயின் பெயர் என்று நினைத்துத் தேடினால் ஆயிரம் வைத்தியம் கிடைக்கும், பாதி உங்களுக்குப் பொருந்தாது. ரெக்கவரி உங்கள் கோப்புகளை டார் என்ற ஒரே கோப்பு மூட்டையாகக் கட்ட ஒரு துணை வேலையைக் கிளப்பிவிடுகிறது. அந்த வேலை எதனால் பாதியில் செத்தாலும் வெளியே காட்டும் எண் பெரும்பாலும் 255தான். ரீஸ்டோர் செய்யும்போது மூட்டையை அவிழ்க்கும் வேலை செத்தாலும் அதே 255. உண்மையான காரணம் லாக்கில் (ரெக்கவரி எழுதிவைக்கும் வேலைக் குறிப்பில்), அந்த எண்ணுக்குச் சில வரிகள் மேலே எழுதியிருக்கும். திரையில் தெரியும் சிவப்பு வரியோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

லாக்கை ரீபூட் செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. அட்வான்ஸ்டு பக்கத்தில் காப்பி லாக் என்று இருக்கும். உங்களுக்கு ஸ்டோரேஜ் 0 எம்பி என்பதால் இன்டர்னலில் எழுத முடியாது. எஸ்டி கார்டைத் தேர்ந்தெடுங்கள். அல்லது கேபிள் வழியாக ஃபோனுக்குக் கட்டளையிடும் ஏடிபி என்ற கருவியால், கம்ப்யூட்டரிலிருந்து 'புல்' கட்டளை கொடுத்து, டெம்ப் ஃபோல்டரில் இருக்கும் ரெக்கவரி லாக்கை இழுத்துக்கொள்ளுங்கள்.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று இருந்தால் பிரச்சினை எளிது, இடம் போதவில்லை. கம்ப்ரெஷனை டிக் செய்தால் கொஞ்சம் சுருங்கும், நேரம் கூடும்.

லாக்கில் ஏதாவது ஒரு பாதையில் 999 என்ற எண் தென்பட்டால் அது வேறு கதை. ஒரே ஃபோனில் இரண்டு வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளும் இரட்டை ஆப் வசதி பல ஃபோன்களில் உண்டு. பின்னணியில் அது 999 என்ற எண்ணோடு இன்னொரு பயனரையே உருவாக்குகிறது. அந்தப் பயனரின் கோப்புகளைப் படிக்க முடியாமல் ரெக்கவரி விழுந்துவிடும். வசதியை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் எச்சம் கிடக்கும். செட்டிங்ஸில் இரட்டை ஆப்பை நிறுத்திப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால், ஃபோன் ஆன் ஆன நிலையில் ஏடிபி ஷெல் வழியாக 'பிஎம் ரிமூவ்-யூசர் 999' கொடுத்தால் அந்தப் பயனர் நீங்கிவிடும். இரண்டாவது வாட்ஸ்அப்பின் அரட்டையும் அதோடு போகும், அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 255 என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இதுதான் காரணமாக இருந்தது. ரெக்கவரியை மாற்றி மாற்றி ஃபிளாஷ் செய்து (ஃபோனில் பதித்து) களைத்துப்போய்தான் வருவார்கள்.

'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்' என்று இருந்தால் அது என்கிரிப்ஷன். உங்கள் 0 எம்பிக்கும் இதுதான் மூலம் என்று நினைக்கிறேன், நேற்று அப்டேட் ஆனது என்கிறீர்களே. இவை எதுவும் இல்லாமல் ஏதோ ஓர் ஆப்பின் ஒரே கோப்பில் மட்டும் நின்றிருந்தால், அந்த ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.

என்கிரிப்ஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஃபோன்களில் டேட்டா பார்ட்டிஷன் முழுவதற்கும் ஒரே பூட்டு. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, கோப்புக்குக் கோப்பு பூட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 10-உடனோ அதற்குப் பிறகோ வெளியான ஃபோன்களுக்கு இதுவே கட்டாயம். சாவி உங்கள் பின் நம்பரையும் ஃபோனின் பாதுகாப்பு வன்பொருளையும் சேர்த்துப் பின்னப்பட்டது. ரெக்கவரி அதைத் திறக்க வேண்டுமானால், ஃபோனில் ஓடும் ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப அந்த ரெக்கவரி கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு மேலே போய் ரெக்கவரி பழையதாகவே நின்றுவிட்டால், பின் நம்பரைச் சரியாகக் கொடுத்தாலும் ஏற்காது. அல்லது கேட்கவே கேட்காமல் 0 எம்பி என்று காட்டும். சிலருக்கு ஃபோல்டர்கள் தெரியும், ஆனால் பெயரெல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த கிறுக்கலாக இருக்கும். வைரஸ் என்று பயந்து ஒருவர் அவற்றை உட்கார்ந்து அழித்தே விட்டார். அது வைரஸ் இல்லை, பூட்டிய நிலையில் உங்கள் சொந்தக் கோப்புகள்தான்.

இதற்கு நான் செய்வது: ஃபோனை ஆன் செய்து செட்டிங்ஸில் பின், பேட்டர்ன், கைரேகை எல்லாவற்றையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு, பிறகு ரெக்கவரிக்குப் போவேன். பல ஃபோன்களில் இதுவே போதும். போதவில்லை என்றால் அதே ஃபோன் மாடலுக்கு, இப்போதைய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு உரிய புதிய ரெக்கவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிடபிள்யூஆர்பி இல்லாவிட்டால் அதிலிருந்து பிரிந்த ஆரஞ்சுஃபாக்ஸ் இருக்கலாம். பின்னை எடுத்துவிட்டுப் பேக்கப் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பின் இருந்த நிலையில் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால், சரியான பின்னைப் போட்டாலும் தவறு என்று ஃபோன் அடம்பிடிப்பது வழக்கம். பின் பற்றிய விவரம் இருக்கும் லாக்செட்டிங்ஸ் கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். அது பழைய ஃபோன்களுக்கு. கோப்புவாரியாகப் பூட்டும் ஃபோனில் அதை அழித்தால், தரவைத் திறக்கும் வழியையும் நீங்களே அடைத்துவிடுவீர்கள்.

பேக்கப் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு விடை ஒன்றுதான்: ஃபோனுக்கு வெளியே. செலக்ட் ஸ்டோரேஜ் பொத்தானில் எஸ்டி கார்டையோ ஓடிஜி கேபிளில் செருகிய பென்டிரைவையோ தேர்ந்தெடுக்கலாம். ஃபேட்32 கார்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காதே என்று கவலைப்பட வேண்டாம். டேட்டா மூட்டையை ரெக்கவரியே வின்000, வின்001 என்று துண்டு துண்டாக வெட்டித்தான் எழுதும். அந்தத் துண்டுகளில் ஒன்று குறைந்தாலும் மூட்டை வீண், எனவே நகலெடுக்கும்போது ஃபோல்டரை அப்படியே எடுங்கள். கார்டு வசதி இல்லாத ஃபோன் என்றால், 2017-இல் வந்த டிடபிள்யூஆர்பி 3.1.0 பதிப்பிலிருந்து ஏடிபி வழியாகப் பேக்கப்பை நேரடியாகக் கம்ப்யூட்டருக்கே அனுப்ப முடியும். ஃபோனில் இடமே தேவையில்லை. இந்த வசதி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

எஸ்டி கார்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல் கார்டை இன்டர்னலோடு சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது. அப்படிச் சேர்த்த கார்டு என்கிரிப்ட் ஆகிவிடும். அதன் சாவி இருப்பது டேட்டா பார்ட்டிஷனில். டேட்டாவைத் துடைத்தால் கார்டு வெறும் பிளாஸ்டிக். பேக்கப்புக்கு வைத்திருக்கும் கார்டு சாதாரண வெளிக்கார்டாகவே இருக்கட்டும்.

ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது, ஆனால் எது நிறைத்தது என்று தெரியவில்லை என்பதும் இதே குடும்பத்துப் பிரச்சினைதான். டிடபிள்யூஆர்பி ஃபோல்டருக்குள் பேக்கப்ஸ், அதற்குள் ஃபோனின் சீரியல் எண், அதற்குள் தேதி போட்ட ஃபோல்டர்கள். ஒவ்வொன்றும் பல ஜிபி. 1970 என்று தேதி போட்ட ஃபோல்டர் இருந்தால் அழித்துவிடாதீர்கள். ரெக்கவரிக்கு நேரம் சரியாகத் தெரியாத ஃபோன்களில் போன வாரம் எடுத்த பேக்கப்பும் 1970-இல் பிறந்ததாகத்தான் இருக்கும். உள்ளே உள்ள லாக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிளாக்வொர்க்மாட் என்ற ரெக்கவரி இருந்த காலத்துப் பழைய ஃபோன் யாராவது இன்னும் வைத்திருந்தால், அது மீடியாவுக்குள், ஆனால் 0 ஃபோல்டருக்கு வெளியே பேக்கப்பை எழுதி வைத்திருக்கும். ஃபைல் மேனேஜரில் எவ்வளவு தேடினாலும் சிக்காது. ரெக்கவரியின் ஃபைல் மேனேஜரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரிலிருந்து திரும்பக் கொண்டுவந்த பேக்கப் ரீஸ்டோர் பட்டியலில் தெரியாவிட்டால், பூட் பார்ட்டிஷனை மட்டும் ஒரு சின்னப் பேக்கப் எடுங்கள். சரியான ஃபோல்டர் தானாக உருவாகும், பழையதை அதன் பக்கத்தில் போட்டால் தெரிந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், புது ஃபோன்களில் டேட்டா பேக்கப்பை நானே நம்புவதில்லை. ரீஸ்டோர் ஆகும், ஆனால் பூட் ஆகுமா என்பது அன்றைய ராசிபலன். லினியேஜ்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு ரோம் தன் ரெக்கவரியில் பேக்கப் வசதியே வைக்கவில்லை. அதற்குப் பதில் ஆண்ட்ராய்டு ஓடும்போதே ஆப் தரவை எடுக்கும் சீட்வால்ட்டைச் சேர்த்திருக்கிறது. நான் ஆப்களுக்கு நியோ பேக்கப் என்ற ஆப் வைத்திருக்கிறேன், அதற்கு ரூட் (ஃபோனின் முழு நிர்வாக அனுமதி) வேண்டும். ரெக்கவரியில் எடுப்பது பூட், பெர்சிஸ்ட், இஎஃப்எஸ் என்ற பார்ட்டிஷன்கள் மட்டும். கடைசி இரண்டும் சிறியவை. ஆனால் சென்சார் அளவீடுகளும் ஐஎம்இஐ சம்பந்தப்பட்டவையும் அங்கேதான் இருக்கின்றன, போனால் சிம் வேலை செய்யாது. ஒரு தடவை எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டால் போதும். அவசரத்துக்கு அடுத்தவருடைய இஎஃப்எஸ்ஸை வாங்கி உங்கள் ஃபோனில் போடவும் வேண்டாம், உங்களுடையதை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

உங்கள் விஷயத்தில், நகலெடுத்து முடித்ததும் பின்னை எடுத்துவிட்டு ரெக்கவரிக்குள் போய்ப் பாருங்கள். ஸ்டோரேஜ் அளவு சரியாகத் தெரிந்தால், இரட்டை ஆப்பை நிறுத்திவிட்டு எஸ்டி கார்டுக்குப் பேக்கப் எடுங்கள். இன்னும் 0 எம்பிதான் என்றால் புதிய ரெக்கவரி தேட வேண்டும். அப்போதும் 255 வந்தால், லாக்கில் அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளை இங்கே கமென்ட்டில் போடுங்கள், ஃபோன் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் சேர்த்து. சீரியல் எண்ணை மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள்.