உடன் வேலை செய்பவர் தவறினால் கம்பெனிக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் பார்க்காமல் பின்னால் எடுத்ததில் என் பாதம் நசுங்கி, ஒரு மாதமாக வீட்டில் கிடக்கிறேன். "ஓட்டியவர் செய்த தப்புக்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்று மேலாளர் கைவிரித்துவிட்டார். ஓட்டியவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: மேலாளர் சொன்னது ஒரு காலத்தில் உங்கள் மாநிலத்தில் சட்டமாகவே இருந்தது. 1830 முதல் 1860 வரை அங்கே தலைமை நீதிபதியாக இருந்த லெமுவல் ஷா 1842-ல் எழுதிய தீர்ப்பு அது.

பாஸ்டன் - வூஸ்டர் ரயில் கம்பெனியில் நாளுக்கு 2 டாலர் சம்பளத்தில் இன்ஜின் ஓட்டியவர் நிக்கோலஸ் ஃபார்வெல். 1837 அக்டோபரில், தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் ஊழியரின் கவனக்குறைவால் ரயில் தடம் புரண்டது. கீழே விழுந்த ஃபார்வெல்லின் வலது கையில் சக்கரம் ஏறி இறங்கியது. கம்பெனியிடம் 10,000 டாலர் கேட்டார். ஷா மறுத்துவிட்டார். வேலையின் ஆபத்தும் சேர்த்துத்தான் கூலி பேசப்படுகிறது, உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவும் அந்த ஆபத்தில் அடக்கம், தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். ஓடும் இன்ஜினில் நிற்பவர் தொலைவில் பாதை மாற்றுபவரை எப்படிக் கவனிப்பார்? எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறாத இடம் இது. செருப்புத் தைப்பவர்கள் சங்கம் சேர்வது குற்றமல்ல என்று அதே ஆண்டில் தீர்ப்பளித்தவரும் இவரே. ஆனாலும் மற்ற மாநிலங்கள் ஃபார்வெல் தீர்ப்பைப் பின்பற்றியதில், அடிபட்ட எத்தனையோ பேர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

1911-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாதம் செல்லாது. யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். மருத்துவச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உங்கள் சராசரி வாரச் சம்பளத்தில் 60 சதவீதத்தையும், உச்சவரம்புக்கு உட்பட்டு, கம்பெனியின் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். 21 நாட்களைத் தாண்டிவிட்டதால் முதல் ஐந்து நாட்களுக்கும் பணம் உண்டு. அதற்கு ஈடாக, கம்பெனி மேலோ ஓட்டியவர் மேலோ பொதுவாக வழக்குப் போட முடியாது. அந்த எண்ணத்தை விடுங்கள். வண்டியிலேயே கோளாறு இருந்ததென்றால், தயாரித்தவர் மேல் தனியாக வழக்குத் தொடரலாம்.

விபத்தை எழுத்தில் கம்பெனிக்குத் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் "வேலையில் அடிபட்டது" என்று சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் மறுத்தால் மாநிலத் தொழில் விபத்துத் துறையில் மனுப் போடலாம். நான்கு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் சாட்சிகள் வேலை மாறிப் போவதற்குள் போடுங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸே எடுக்கவில்லை என்றாலும் மாநில நிதியிலிருந்து கிடைக்கும். இதைக் கேட்டதற்காக உங்களை வேலையை விட்டு எடுத்தால், அது தனிக் குற்றச்சாட்டு, உடனே எனக்கு எழுதுங்கள்.