ஒரு பாத்தியில் 30 தக்காளிச் செடி: தழை இருக்கிறது, காய் இல்லை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்திகள் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 4 அடி அகலம். தக்காளி 30, கத்தரி 25, வெண்டை நெருக்கமாக இரண்டு பாக்கெட் விதை, ஒரு ஓரத்தில் பீர்க்கங்கொடி. தொழு உரம் போட்டு, வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் ஊற்றுகிறேன். நட்டு ஐம்பது நாள் ஆகிறது. செடியெல்லாம் கரும்பச்சையாக மதமதவென்று வளர்ந்திருக்கிறது, காய்தான் இல்லை. பீர்க்கில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. இன்னும் என்ன உரம் போடலாம்?

பதில்: இனி உரம் வேண்டாம். முதலில் செடியைக் குறையுங்கள்.

உங்கள் பாத்தி 40 சதுர அடி. தக்காளிக்கு வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு வரிசையில் 12 செடிதான் கொள்ளும். நீங்கள் வைத்திருப்பது 30. ஒன்றின் இலை இன்னொன்றின் மேல் கவிந்து, கீழ்ப்பகுதிக்கு வெயிலே எட்டாது. வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடுவதிலேயே செடியின் தெம்பு தீர்ந்துபோகும். காற்று புகாத ஈரத்தில் இலைக்கருகலும் சீக்கிரம் வரும். கத்தரிக்கு இரண்டுக்கு இரண்டு அடி வேண்டும், ஆக பாத்திக்கு 10 செடி. வெண்டையை மூன்று வரிசையாக, ஓர் அடிக்கு ஒன்று என்று 30 செடிக்குள் நிறுத்துங்கள்.

வளர்த்த செடியை எடுத்துப்போட மனசு வராது என்பது தெரியும். ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும். பிடுங்காதீர்கள், பக்கத்துச் செடியின் வேர் அறுபடும். மெலிந்ததையும் நோய் கண்டதையும் பார்த்து, மண் மட்டத்தில் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். ஒரே நாளில் பாதிக்கு மேல் எடுக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவையாக எடுங்கள். மிஞ்சும் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கட்டி, மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழாத பாத்தியாக இருந்தால், அதில் காய்ச்செடிகளை விட்டுவிட்டுக் கீரை போடுவதே நல்லது.

அடுத்தது புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 7 சதவீதம் இருக்கிறது. ஏற்கெனவே தொழு உரம் போட்ட மண்ணில் வாரந்தோறும் இதையும் ஊற்றினால் இலையும் தண்டும்தான் கொழுக்கும், பூ தள்ளிப்போகும். அந்தக் கரும்பச்சை நிறம் அதைத்தான் சொல்கிறது. இளந்தழை மிகுந்தால் அசுவினிப் பூச்சியும் தேடி வரும். மூன்று வாரத்துக்குக் கரைசலை அறவே நிறுத்துங்கள். காய் பிடித்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நன்றாக நீர்க்க விட்டு ஊற்றினால் போதும். சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்), செடியைச் சுற்றி அரைப்பிடி விறகுச் சாம்பல் தூவிக் கிளறிவிடலாம். மண் உவராக இருந்தால் சாம்பல் வேண்டாம், காரத்தன்மை இன்னும் ஏறும்.

தக்காளியில் பூ வந்தும் உதிர்ந்தால் வெயிலைக் கவனியுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் வலுவிழந்து பூ கொட்டும். அது உரத்தால் தீரும் சங்கதி இல்லை. மற்ற நாட்களில் காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள், ஒரே பூவுக்குள் மகரந்தம் சேர அது போதும்.

பீர்க்கின் கதை வேறு. அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் விரல்கடை நீளத்தில் பிஞ்சு இருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் கொத்தாக வரும். மகரந்தம் சேராத பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், அதனால் காலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. பொழுது சாயும் நேரத்தில் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். விழுந்த பிஞ்சை ஒருமுறை பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அப்படிப்பட்ட பிஞ்சுகளைப் பாத்தியிலேயே போடாமல் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும்.

தண்ணீர் ஒரே சீராக இருக்கட்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் தேங்க விட்டால் தக்காளி வெடிக்கும், காயின் அடி கறுத்துக் குழியும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். காய்ந்த சருகை மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி.

காய்க்கத் தொடங்கினால் வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டாயம் பறியுங்கள். நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். முற்றவிட்டால் செடி விதையை வளர்க்கப் போய்விடும், புதுப் பூ குறையும். கத்தரிக்கும் இதே கணக்கு.

இந்தத் தக்காளி முடிந்ததும் அதே பாத்தியில் கத்தரியோ மிளகாயோ வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோய் அப்படியே தொடரும். அவரை, தட்டைப்பயறு மாதிரி ஏதாவது போட்டு ஒரு போகம் கழியட்டும்.