'மயக்கமா கலக்கமா' உங்களுக்காகவும் எழுதப்பட்டதா?

வணக்கம். வேலை இழந்த நாள்களில் 'மயக்கமா கலக்கமா' பாடல் தங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றியதாகவும், அது திரைக்கதைச் சூழலுக்காக எழுதப்பட்டது என்று நண்பர் நகைத்ததாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். 1962-இல் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது என்பதில் ஐயமில்லை. ஆனால், வாய்ப்பின்றிச் சென்னையை விட்டே போய்விட எண்ணியிருந்த பாடலாசிரியர் வாலி, பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இதே பாடலைக் கேட்டு மனம் மாறித் தங்கியதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரும் அந்தக் கதையின் நாயகர் அல்லரே!

தொடக்க வரிகளைக் கவனியுங்கள்: மயக்கமும் கலக்கமும் யாருக்கு என்று சொல்லும் எழுவாயே அங்கு இல்லை, ஆகவே கேட்பவர் எவரோ அவரே அந்த வினாவுக்கு உரியவராகிவிடுகிறார். காதலைப் பாடும் அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததும் ஏறத்தாழ இத்தகைய இடத்தைத்தான் திறந்துவைக்கிறது. கண்ணதாசன் தங்கள் நிலையை எண்ணியே எழுதினார் என்று வாதிட்டால்தான் நண்பர் சொல்வது சரியாகும், தாங்கள் அப்படி வாதிட்டதாகத் தெரியவில்லை.