பதில்: கவுன்சலிங் அறையில் பூபரின் ‘நான்–நீ’

வணக்கம். கவுன்சலிங் பயிற்சியில் இருக்கிறீர்கள். வருபவர்கள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. அப்படியென்றால் தத்துவவாதி மார்ட்டின் பூபர் சொன்ன ‘நான்–நீ’ உறவு, அதாவது எதிரில் இருப்பவரை ஒரு பொருளாக (‘அது’) அல்லாமல் முழு மனிதராகச் சந்திப்பது, அங்கே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள்.

கிட்டத்தட்ட இதே கேள்விதான் 1957 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழக மேடையில் பூபருக்கும் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுக்கும் இடையே வந்தது. உண்மையான சந்திப்பு நிகழும் நொடியில் இருவரும் சமம் என்பது ரோஜர்ஸின் கட்சி. பூபர் விட்டுக்கொடுக்கவில்லை. சிகிச்சைக்கு வருபவர் உதவி தேடி வந்தவர். நீங்கள் உங்கள் பக்கமும் அவர் பக்கமும் நின்று பார்க்கலாம், அவரால் அது முடியாது. அந்தச் சூழலே சமமற்றது என்றார். 1923இல் வந்த தன் ‘நான்–நீ’ நூலுக்கு 1957இல் எழுதிய பின்னுரையில் ஆசிரியர்–மாணவர் உறவுக்கும் இதையே சொல்கிறார்: பரிமாற்றம் முழுமையானால் அது கல்வியாக நீடிக்காது.

ஆக, உங்களிடம் வருபவர் உங்களை விசாரிக்காதது குறையே இல்லை. நீங்கள் அவரை வெறும் ‘கேஸ்’ ஆகப் பார்க்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அதுவும் எந்நேரமும் அல்ல. குறிப்பெடுக்கும்போது அவர் ‘அது’ ஆகத்தான் செய்வார், பூபர் அதைத் தடுக்கவில்லை. அந்த உரையாடலின் எழுத்துப் பதிவு புத்தகமாகவே இருக்கிறது. எனக்கு ரோஜர்ஸ் கொஞ்சம் அவசரப்பட்டதாகத் தோன்றியது. படித்துவிட்டுச் சொல்லுங்கள்.